கரண்ட் இல்லாத தோட்டத்தில் போன் சார்ஜ்: சோலார் பவர் பேங்க் போதுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மலையடிவாரத்தில் ஒரு தோட்டம், கரண்ட் இணைப்பு இல்லை, இப்போதைக்கு வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. மாதத்தில் பத்து நாள் போல அங்கே தங்க வேண்டியிருக்கிறது. இரண்டு போன், ஒரு ஹெட் டார்ச், ஒரு சின்ன ரேடியோ, சில சமயம் லேப்டாப். ஆன்லைனில் விற்கிறார்களே, முதுகில் பேனல் ஒட்டிய 20,000 எம்ஏஎச் சோலார் பவர் பேங்க், அது ஒன்று வாங்கினால் போதுமா, இல்லை தனியாக பேனல் வாங்க வேண்டுமா?

போதாது. பவர் பேங்க் என்ற வகையில் அது வேலை செய்யும், வீட்டில் பிளக்கில் போட்டு நிரப்பிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த முதுகுப் பேனலை நம்பி வாங்காதீர்கள். இது கம்பெனியைப் பொறுத்த விஷயம் இல்லை, எந்த கம்பெனி செய்தாலும் கணக்கு ஒன்றுதான். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் ஒளி ஏறக்குறைய 1000 வாட். நல்ல மோனோ பேனல் (ஒற்றைப் படிக சிலிக்கான் செல் போட்டது) அதில் 20, 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். பவர் பேங்கின் முதுகு எவ்வளவு பெரிது? 15 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் விழுகிற ஒளியே பத்தரை வாட்தான். அதிலிருந்து வரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 2 வாட், நடைமுறையில் ஒன்று, ஒன்றரை. 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர்). 74-ஐ ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், முழு வெயிலில் ஐம்பது மணி நேரம் வரும். நம் ஊரில் ஒரு நாளைக்கு முழு வெயில் கணக்கில் கிடைப்பது சராசரியாக ஐந்து மணி நேரம். ஆக, வழியில் வீணாவதைச் சேர்க்காமலே பத்து நாள். நீங்கள் தங்குவதே பத்து நாள்.

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் கட்டினார்களே, அதற்கு 2,500 ஏக்கர் பிடித்தது. சோலாரில் பரப்பளவை ஏமாற்ற வழியே கிடையாது. உள்ளங்கை அளவு பேனல் உள்ளங்கை அளவுதான் தரும்.

பரப்பளவைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. பேனல் வெயிலில் கிடக்க வேண்டிய பொருள், லித்தியம் பேட்டரி நிழலில் இருக்க வேண்டிய பொருள், இரண்டையும் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்றை சித்திரை வெயிலில் பாறை மேல் வைத்தால் அதைத் தாண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. பேட்டரி சீக்கிரம் சாகும், மட்டமான செல் என்றால் வீங்கும். நான்கு இதழாக விரியும் மாடல்களில் பேனல் கொஞ்சம் பெரிது, ஆனால் சூட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

சரி, அப்போது என்ன வாங்குவது? அதற்கு முன்னால் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடலாம், பெரும்பாலானோர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக பேனல் வாட்டில் போய் நிற்கிறார்கள். எம்ஏஎச்சை மறந்துவிட்டு வாட் அவரில் யோசியுங்கள், வோல்ட் வேறுபட்டால் எம்ஏஎச்சை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. 5,000 எம்ஏஎச் போன் ஒன்று முழுசாக நிரம்ப 19 வாட் அவர். இரண்டு போனும் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை நிரம்பினால் போதும் என்றால் நாளுக்கு 25. ஹெட் டார்ச்சில் 18650 என்ற லித்தியம் செல் ஒன்று இருக்கும், அது 10 வாட் அவர், மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டால் நாளுக்கு 3, 4. ரேடியோவை கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஆக லேப்டாப் இல்லாமல் நாளுக்கு 30 வாட் அவர். இது போனுக்குள் போய்ச் சேர வேண்டிய அளவு, பேனலிலிருந்து கிளம்ப வேண்டியது 45 போல. ஏனென்றால் பேட்டரியில் ஏற்றும்போது கொஞ்சம், அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம், போனுக்குள் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் சூடாகி வீணாகும். பவர் பேங்கின் பின்னால் பொடி எழுத்தில் பாருங்கள், 20,000 என்று பெரிதாகப் போட்டுவிட்டு, 5 வோல்ட்டில் கிடைப்பது 12,000 சொச்சம் என்று எழுதியிருப்பார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை, வோல்ட் மாறுவதாலும் வழியில் கரைவதாலும் அப்படி.

பேனல் பக்கமும் இதே மாதிரி ஒரு தள்ளுபடி உண்டு. 40 வாட் என்று எழுதியிருப்பது பரிசோதனைக் கூடத்தில், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது, 1000 வாட் ஒளியில் அளந்தது. தோட்டத்து வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல குறையும், அதிலேயே 15 சதவீதம் போய்விட்டது. தூசி, சாய்வு, கேபிள் எல்லாம் சேர்த்து, எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நியாயமான பேனல் என்று நான் சொல்வேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெளிச்சம் இருக்கிறதே என்று பன்னிரண்டால் பெருக்காதீர்கள், நான்கால் பெருக்குங்கள். ஐந்து என்பது வருடச் சராசரி, மலையடிவாரத்தில் மதியத்துக்கு மேல் மேகம் கூடும், மலை நிழலும் சீக்கிரம் விழும். 45 வாட் அவருக்கு இந்தக் கணக்கில் 17, 18 வாட் பேனல் வருகிறது. அது குறைந்தபட்சம். 40 வாங்குங்கள், மேகமான நாளில் அந்த மிச்சம்தான் காப்பாற்றும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பேனலிலிருந்து போனுக்கு நேராக ஏற்றவே ஏற்றாதீர்கள். நடுவில் ஒரு பேட்டரி இருக்க வேண்டும். தண்ணீர் கம்மியாக ஊறும் போர்வெல் வைத்திருப்பவர் என்ன செய்வார், நாள் முழுக்கத் தொட்டியில் விட்டு நிரப்பி, பிறகு தொட்டியிலிருந்து பாய்ச்சுவார். அதே முறைதான். போனை நேராக மாட்டினால் என்ன ஆகும் என்றால், ஒரு மேகம் கடக்கும், பேனலின் வோல்ட்டேஜ் சரியும், போன் சார்ஜரைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். மேகம் போனதும் சில போன் மறுபடி தொடங்கும், சில போன் தொடங்கும் ஆனால் சந்தேகத்தோடு அரை ஆம்பியர் மட்டும் இழுக்கும், சில போன் நீங்கள் வந்து கேபிளைப் பிடுங்கிச் செருகும் வரை சும்மா கிடக்கும். ஒவ்வொரு தடவையும் திரை வேறு எரிந்து அணையும். நீங்கள் வயலில் வேலையை முடித்துவிட்டு மாலையில் வந்து பார்த்தால் காலையில் இருந்த அதே 30 சதவீதம். போதாக்குறைக்கு போனும் வெயிலில் கிடந்து கொதித்திருக்கும். பவர் பேங்க் இந்த விஷயத்தில் போன் அளவுக்குப் பிகு பண்ணாது, வந்ததை வாங்கிக்கொள்ளும், அதை பேனலின் பின்பக்க நிழலில் போட்டுவிடலாம். போனை இரவில் அதிலிருந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மடிக்கும் பேனலா, சட்டம் போட்ட சாதா பேனலா? மலை ஏறுபவர், பைக்கில் ஊர் சுற்றுபவர் என்றால் மடிக்கும் பேனல்தான், அரை கிலோவுக்குச் சற்று மேல் எடை, யூஎஸ்பி அதிலேயே இருக்கும். (அவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: நான்கு நாள் வரையிலான பயணத்துக்கு பேனலே வேண்டாம், அதே எடைக்கு இன்னொரு பவர் பேங்க் எடுத்துப் போவது நிம்மதி. சோலைக்காட்டு நிழலில் பேனலை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட் அவருக்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அதாவது 27,000 எம்ஏஎச் வரை.) நீங்கள் ஒரே இடத்தில் தங்குகிறீர்கள், குடிசையோ ஷெட்டோ இருக்கிறது. உங்களுக்கு மடிக்கும் பேனல் வீண் செலவு. அதே வாட்டுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்ட 12 வோல்ட் பேனல் ரொம்ப மலிவு, பல வருஷம் உழைக்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. மடிக்கும் பேனலின் துணியும் தையலும் நிரந்தர வெயிலுக்காகச் செய்தவை அல்ல.

ஆக உங்கள் செட் இப்படி இருக்கும்: 40 அல்லது 50 வாட் 12 வோல்ட் பேனல், ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் டப்பா), பவர் பேங்குக்குப் பதில் தொட்டியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து கார் சார்ஜர் வழியாக யூஎஸ்பி. சென்னையில் இருப்பவருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியத்தில் எல்லாம் கிடைக்கும், மற்ற ஊர்களில் பேட்டரிக் கடை, சோலார் கடை என்று இரண்டு இடம் ஏற வேண்டியிருக்கும்.

பேட்டரி பற்றி. யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி மலிவு, கிடைப்பதும் சுலபம். ஆனால் 84 வாட் அவரில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மேல் காலி செய்து பழக்கினால் வருடம் இரண்டுக்குள் போய்விடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடையில் எல்எஃப்பி என்பார்கள், சோலார் தெரு விளக்குக்குள் இருப்பது, 12.8 வோல்ட்டில் 12 ஆம்பியர் அவர் எடுத்தால் 150 வாட் அவர், கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்தலாம், மழை பிடித்துக்கொண்டாலும் போனுக்கு மூன்று நாள் தாங்கும். கூடக் கொஞ்சம் செலவானாலும் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் கண்ட்ரோலரில் லித்தியம் பாஸ்பேட்டுக்கான செட்டிங் இருக்க வேண்டும், 14.4 வோல்ட்டில் நிறுத்துவது மாதிரி. கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஓடும் சார்" என்றால் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

கண்ட்ரோலரில் இரண்டு ஜாதி. பிடபிள்யூஎம் மலிவு, எம்பிபிடி விலை அதிகம். 12 வோல்ட் பேனல் என்று சொன்னாலும் அது உண்மையில் 18 வோல்ட் பக்கம் வேலை செய்வது. 40 வாட் பேனல் என்றால் 18 வோல்ட்டில் 2.2 ஆம்பியர். பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும், ஆம்பியர் அதே 2.2, ஆக கையில் கிடைப்பது 29 வாட். எம்பிபிடி மிச்சத்தையும் பிடித்துக் கொடுக்கும். இவ்வளவு சின்ன பேனலுக்கு எம்பிபிடி வாங்கும் காசில் இன்னும் பெரிய பேனலே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. 100 வாட்டுக்கு மேல் போனால் எம்பிபிடி. எம்பிபிடி என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிடபிள்யூஎம்களும் சந்தையில் நிறைய உண்டு, கையளவு டப்பா, இறகு எடை, நம்ப முடியாத விலை என்றால் அது எம்பிபிடி இல்லை.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி இல்லாத கண்ட்ரோலருக்கு பேனலின் 21 வோல்ட் நேராக வந்தால் சில டப்பாக்கள் அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், பைக்குக்குப் போடும் பிளேடு ஃபியூஸ் போதும். லித்தியம் பேட்டரியின் இரண்டு முனையும் தெரியாமல் தொட்டுக்கொண்டால் வயர் சிவந்து எரியும், கூரை ஓலை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேபிள் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் "பேனல் சரியில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை கேபிளில்தான். மெல்லிய யூஎஸ்பி கேபிள் 3 மீட்டர் நீளத்தில் 2 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட், சில கேபிளில் அதற்கு மேலும், வழியிலேயே இறங்கிவிடும். 5-ல் 1 போனால் போன் ஏற்றுக்கொள்ளாது. தூரம் போக வேண்டுமென்றால் பேனல் பக்கத்து 18 வோல்ட் வயரை நீட்டுங்கள், யூஎஸ்பியை ஒரு மீட்டருக்குள் வையுங்கள். முடிந்தால் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய். எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பேனலை எங்கே வைப்பது? தென்னை இருக்கிற தோட்டமா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் கவனம். பேனலில் 36 செல்லும் தொடராக மாட்டியிருக்கும், எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும், ஒரு செல்லை நிழல் மூடினால் அது மற்றவற்றையும் பிடித்து நிறுத்தும். ஒரு கீற்றின் நிழல் பேனலில் பத்தில் ஒரு பங்கைத்தான் மூடியிருக்கிறது, அதனால் பத்து சதவீதம்தான் குறையும் என்று எண்ண வேண்டாம், பாதி போகலாம், முழுசும் போகலாம். ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை எந்த நிழலும் தொடாத இடமாகப் பாருங்கள். சாய்வுக்கு பெரிய மெனக்கெடல் வேண்டாம், தெற்குப் பார்த்து 15 டிகிரி வைத்தால் வருடம் முழுக்க ஓடும், மழைத் தண்ணீரும் தூசியைக் கழுவிக்கொண்டு இறங்கும். சித்திரையில் சூரியன் தலைக்கு நேர் மேலே, ஆனியில் கொஞ்சம் வடக்கே, மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும் (சென்னை அட்சரேகையில் உச்சியிலிருந்து 36 டிகிரி). அப்போது மட்டும் அடியில் ஒரு செங்கல் கூட வைத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். முப்பது டிகிரி கோணம் தவறினால் 13 சதவீதம்தான் நஷ்டம், அறுபது தவறினால்தான் பாதி. தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள், அடியில் காற்று போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூடு குறையும். குரங்கு வரும் பகுதி என்றால் வயரை பைப்புக்குள் விடுங்கள், தொங்குகிற வயரை அவை விடாது.

லேப்டாப்தான் கணக்கைக் கலைப்பது. ஒரு முறை நிரப்ப 50, 60 வாட் அவர், அதாவது உங்கள் மற்ற எல்லாத் தேவையையும்விட அதிகம். வாரத்தில் ஒருநாள் என்றால் மேலே சொன்ன செட்டே சமாளிக்கும். தினமும் என்றால் 100 வாட் பேனல், 20 முதல் 30 ஆம்பியர் அவர் எல்எஃப்பி என்று ஒரு படி ஏறிவிடுங்கள். எதுவானாலும் இன்வெர்ட்டர் வாங்கி 230 வோல்ட்டாக்கி அதில் லேப்டாப் சார்ஜரைச் செருகுகிற வேலை வேண்டாம். சும்மா ஆன் செய்து வைத்தாலே இன்வெர்ட்டர் தன் பங்குக்கு சில வாட் குடிக்கும். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) வசதி உள்ள கார் சார்ஜர் 12 வோல்ட்டிலிருந்து நேராக ஏற்றிவிடும்.

காசே செலவாகாத வழி ஒன்றும் இருக்கிறது. தோட்டத்தில் சிக்னல் மோசமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். டவரைத் தேடித் தேடியே போன் பேட்டரியைத் தின்னும், நீங்கள் தொடாமலே மாலைக்குள் காலி. ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மேட்டுக்கு ஏறும்போது மட்டும் எடுத்துப் பாருங்கள். நாளுக்கு 25 வாட் அவர் என்று போட்டேனே, அது பத்தாகக் குறையலாம்.

கையால் சுற்றும் டைனமோ சார்ஜர் பற்றி யாராவது யோசனை சொல்வார்கள். 1990-களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட்டும் இல்லாமல் பேட்டரிக்கும் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டார்கள். அது நடந்தது, ஏனென்றால் ரேடியோவுக்கு ஒரு வாட்டே அதிகம். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். உங்கள் போனுக்கு 19 வாட் அவர் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒரு போன் கால் பேசலாம், அதற்கு மேல் கை தாங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் போவீர்கள் என்றால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கறுத்த மேகமூட்டத்தில் பேனல் தன் வாட்டில் பத்து, இருபது சதவீதம்தான் தரும். அந்த மாதங்களில் ஊரிலிருந்து கிளம்பும்போது பவர் பேங்க் ஒன்றையும் நிரப்பி எடுத்துப் போவது நல்லது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்களுக்கு கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. இந்த மாதிரி ஒரு சின்ன செட் வீட்டில் இருந்தால் அப்போதும் உதவும், அதனால் பேனலை சுவரில் பதித்துவிடாமல் கழற்றித் தூக்கிப் போகிற மாதிரி மாட்டுங்கள்.

நீங்கள் இல்லாத மற்ற இருபது நாள் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெட் ஆசிட் வாங்கியிருந்தால் காலியாக விட்டுவிட்டு வரவே கூடாது, உள்ளே உப்புப் படிந்து செத்துவிடும், பேனலோடு மாட்டியே விட்டுவிட்டு வாருங்கள், கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். எல்எஃப்பி என்றால் பாதி, முக்கால் நிரம்பிய நிலையில் கழற்றி நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். தோட்டத்தில் காவலுக்கு ஆள் இல்லையென்றால் பேட்டரியையும் கண்ட்ரோலரையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், மறுபடி மாட்ட பத்து நிமிடம்தான்.